கிறிஸ்துமஸ் ஜன்னல் அலங்காரம், பிள்ளைகளோடு: எந்தக் கண்ணாடிக்கு எந்தத் தாள், எந்தப் பசை?

ஓய்வுநாள் பள்ளி, காட்பாடி

எல்லாருக்கும் வணக்கம். 14 பிள்ளைங்க, 5 வயசுல இருந்து 11 வயசு வரைக்கும். டிசம்பர்ல ரெண்டு சனிக்கிழமை, ஒவ்வொரு நாளும் ரெண்டு மணி நேரம் கிடைக்கும். ஹாலுக்கு நாலு ஜன்னல். ரெண்டு பழைய மரக்கதவு ஜன்னல். கண்ணாடி சொரசொரப்பு, உள்பக்கம் இரும்புக் கம்பி. மத்த ரெண்டும் பக்கவாட்டுல தள்ளுற யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக் சட்டம்) ஜன்னல்; கண்ணாடி வழுவழுப்பு. இணையத்துல வர்ற செய்முறை பூரா கம்பியே இல்லாத ஜன்னலுக்குச் சொன்னது. ராத்திரி தெருவுல போறவங்களுக்குத் தெரியணும், ஜனவரியில கறை இல்லாம எடுக்கணும். எது செய்யலாம், என்ன அளவு, எங்க கெடும்னு செய்து பழகினவங்க சொல்லுங்க.

கண்ணாடிப் பட்டறை

டீச்சர், தாள் வாங்கறது அப்புறம். முதல்ல கண்ணாடியை நகத்தால தடவிப் பாருங்க. நீங்க சொல்றது பின்ஹெட் கண்ணாடி. அதுல ஒரு முகம்தான் சொரசொரப்பு, மறுமுகம் வழவழன்னு இருக்கும். எந்த முகம் அறைப் பக்கம் இருக்குன்னு ஜன்னலுக்கு ஜன்னல் மாறும். சொரசொரப்பு உள்ள இருந்தா டேப் மேட்டுல மட்டும் தொட்டு நிக்கும், ரெண்டு நாள்ல உதிரும். பெயின்ட் குழிக்குள்ள போய் உக்காந்துக்கும், பிரஷ் வெச்சு தேய்ச்சாலும் வராது.

இன்னொண்ணு. பின்ஹெட் கண்ணாடி வெளிச்சத்தைச் சிதறடிக்கும். கண்ணாடிக்கு நாலு விரல் தள்ளித் தொங்கவிட்ட பூ வேலை தெருவுல இருந்து பாத்தா வெறும் மங்கலான திட்டுதான். கண்ணாடியைத் தொட்டுக்கிட்டு இருந்தா உருவம் தெரியும், அதுவும் பெரிய உருவம் மட்டும். அதனால பின்ஹெட் ஜன்னல் ரெண்டையும் கலருக்கு வெச்சுக்கோங்க, வழுவழு ஜன்னல் ரெண்டையும் கத்தரி வேலைக்கு வெச்சுக்கோங்க. மாத்திப் பண்ணினா ரெண்டு மணி நேர வெட்டு வேலை யார் கண்ணுக்கும் படாம போயிடும்.

கம்பி இடைவெளி பெரும்பாலும் 4 அங்குலம். அதுக்குள்ள கையை விட்டு ஒட்டாதீங்க, சுருக்கம் விழும். தரைத்தளம்னா ஒரு வழி இருக்கு: மரக்கதவை வெளிப்பக்கம் முழுசா திறந்து கொக்கி மாட்டிடுங்க. வெளியே நின்னா கண்ணாடியோட உள்முகம் உங்களுக்கு நேரா இருக்கும், கம்பி குறுக்க வராது. பிள்ளைங்களே ஒட்டலாம். கொக்கி மாட்டாம விட்டா காத்துல கதவு அடிச்சு விரல் நசுங்கும், அதை மட்டும் பெரியவங்க பாத்துக்கணும்.

தள்ளுற ஜன்னல்ல உள்தடத்துல ஓடற கதவோட அறைப் பக்கத்துல மட்டும் தடிமனான வேலை. வெளித்தடக் கதவுல ஒட்டினா ஒரு தடவை தள்ளினதும் வழிச்சிட்டு வந்துடும். அங்க ஒத்தைத் தாள்தான், முனையெல்லாம் படிஞ்சு ஒட்டியிருக்கணும்.

பாகாயம் அம்மா

துடைக்கிறதையும் சேத்துக்கோங்க. நம்ம ஊர் போர் தண்ணி பட்டு பட்டு கண்ணாடி மேல வெள்ளை உப்புக் கறை படிஞ்சிருக்கும். அது மேல எந்த டேப்பும் நிக்காது. வினிகர் ஒரு பங்கு, தண்ணி ஒரு பங்கு கலந்து துணியில நனைச்சு அஞ்சு நிமிஷம் மூடி வெச்சு, அப்புறம் தேய்ச்சு, பழைய நியூஸ்பேப்பரால ஈரம் போகத் துடைக்கணும். காலையில பனி ஈரம் இருக்கும். 10 மணிக்கு மேல ஒட்டுங்க.

பட்டத்தாள்

வழுவழு ஜன்னலுக்கு மடிப்பு நட்சத்திரம் சொல்றேன். ஜெர்மனி பக்கம் ஜன்னலுக்குன்னே செய்யறது. 8 வயசுக்கு மேல தாராளமா வரும். வெட்டவே வேண்டாம், மடிப்பும் பசையும்தான்.

தாள்: பட்டம் விடற மெல்லிய தாள். கிரேப் பேப்பர் வேண்டாம், அது இழுபடும், ஈரம் பட்டா சாயம் கண்ணாடியில இறங்கும். ஜெலட்டின் பேப்பர் (கண்ணாடி மாதிரி தெரியற கலர் பிளாஸ்டிக் தாள்) மடிச்சா நிக்காது, திரும்ப விரிஞ்சுக்கும்.

அளவு: 7.5 செ.மீ. சதுரம், ஒரு நட்சத்திரத்துக்கு 8. முடிஞ்சதும் முனைக்கு முனை 21 செ.மீ. வரும். 50க்கு 75 செ.மீ. தாள்ல 60 சதுரம் விழும். 14 பேருக்கு 112 சதுரம், கெட்டுப்போறதையும் சேத்து மூணு தாள் வாங்கினா போதும். சதுரத்தைப் பெரியவங்க கட்டரும் இரும்பு ஸ்கேலும் வெச்சு வெட்டி வைக்கணும். பத்துத் தாளுக்கு மேல ஒண்ணா அடுக்காதீங்க, அடித்தாள் நகரும். 2 மில்லி கோணலா போனாலும் எட்டாவது இதழ் பொருந்தாது. பாதி நட்சத்திரம் இதனாலதான் கெடுது.

மடிப்பு: சதுரத்தை மூலைக்கு மூலை மடிச்சு விரிங்க. நடுவுல ஒரு கோடு விழும். ஒரு மூலையில சேர்ற ரெண்டு ஓரத்தையும் அந்தக் கோட்டுக்குக் கொண்டு வந்து மடிச்சு நகத்தால அழுத்துங்க. பட்டம் மாதிரி வரும். ஒல்லி முனை 45 பாகை, எதிர் முனை 90 பாகை. இப்படி எட்டு.

சேர்க்கறது: ஒல்லி முனை வெளியே, 90 பாகை முனை நடுவுல. முதல் இதழோட நடுக்கோடு மேல ரெண்டாவது இதழோட ஓரம் உக்காரணும். நடு முனை ரெண்டும் ஒரே புள்ளியில இருக்கணும். இப்படியே சுத்திவந்தா எட்டு தடவை 45, மொத்தம் 360. கடைசி இதழை ஏழாவதுக்கு மேலயும் முதல் இதழுக்கு அடியிலயும் செருகி ஒட்டணும். இந்த ஒரு இடத்துல பெரியவங்க கை கொடுங்க.

பசை: க்ளூ ஸ்டிக், அதுவும் நடு முனைகிட்ட ஒரு அரிசி அளவு. வெள்ளைப் பசை வெச்சா மெல்லிய தாள் சுருங்கிடும். எந்தப் பசையா இருந்தாலும் நிறையத் தடவினா பின்னாடி விளக்கு போட்டதும் தடவின தடம் நிழலா தெரியும். பகல்ல பாத்தப்ப நல்லாதானே இருந்துச்சுன்னு நினைப்பீங்க.

கலர்: மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, வெளிர் பச்சை. ஒத்தையா ஒரு நிறம், ரெண்டு அடுக்கு சேர்ற இடத்துல ஒரு நிறம், நாலு அடுக்குல ஒரு நிறம்னு ஒரே தாள் பல சாயல் காட்டும், அதுதான் இதோட அழகே. கருநீலமும் கரும்பச்சையும் ராத்திரியில கறுப்பாதான் தெரியும். மேற்கு வெயில் அடிக்கிற ஜன்னல்னா முதல்ல வெளுக்கறது இளஞ்சிவப்பு. அங்க மஞ்சள் போடுங்க.

இடுக்குப்புள்ளி

பனிப்பூ வெட்டறதைப் பத்தி. கடையில விக்கற பனிப்பூ, பசங்க வெட்டற பனிப்பூ ரெண்டுலயும் எட்டு இதழ் வந்துடுது. மடிச்சதை மடிச்சுக்கிட்டே போனா 4, 8, 16னுதான் வரும். உண்மையான பனிப்படிகத்துக்கு ஆறு கை. 1885-ல அமெரிக்காவுல வெர்மான்ட் பக்கத்துல வில்சன் பென்ட்லி நுண்ணோக்கி வழியா ஒத்தைப் படிகத்தைப் படம் எடுத்தார். அதுக்கப்புறம் ஆயிரக்கணக்குல எடுத்தார். பெரும்பாலும் இந்த ஆறு ஒழுங்குதான். நம்ம பிள்ளைங்க வேலூர்ல பனிப்படிகத்தை நேரா பாக்கப் போறதில்லை, காகிதத்துலயாவது சரியா பாக்கட்டும்.

15 செ.மீ. சதுரம். மூலைக்கு மூலை மடிச்சா முக்கோணம். நீள ஓரத்தோட நடுப்புள்ளியைக் கிள்ளி அடையாளம் வைங்க. அந்தப் புள்ளியில இருந்து வலது பக்கத்தை இடதுபக்கமும், இடது பக்கத்தை அதுக்கு மேலயும், மூணு சம பங்கா, ஆளுக்கு 60 பாகை. கோணமானி வேண்டாம், ஓரம் ஓரத்தோட ஒட்டி நிக்கற வரைக்கும் நகர்த்தி, அப்புறம் அழுத்தணும். இப்ப ஆறு அடுக்கு. இன்னொரு தடவை நடுவுல மடிச்சா 30 பாகை, 12 அடுக்கு.

பிரச்சினை இங்கதான். 12 அடுக்கு ஜெராக்ஸ் பேப்பரைச் சின்னக் கத்தரி வெட்டாது, நழுவும். 7 வயசுக்குக் கீழ இருந்தா கடைசி மடிப்பை விட்டுடலாம்னு பலர் சொல்றாங்க. விடலாம், ஆனா அப்ப ஒரு ஓரத்துல மட்டும் வெட்டினா அந்த வெட்டு மூணு கையில மட்டும் விழும், மீதி மூணு கை மொட்டையா நிக்கும். ஆறு அடுக்குல நிறுத்தினா ரெண்டு ஓரத்துலயும் ஒரே மாதிரி வெட்டச் சொல்லுங்க. இல்லேன்னா ஜெராக்ஸ் பேப்பரை விட்டுட்டு பட்டத் தாள் எடுத்து 12 அடுக்காவே மடிங்க, சின்னக் கை கூட வெட்டிடும்.

வெட்டறப்ப கத்தரி நகரக்கூடாது, காகிதத்தைத் திருப்பணும். மூடின ஓரத்துல பாதிக்கு மேல வெட்டக்கூடாது, ரெண்டு பக்க வெட்டும் சந்திச்சா பூ துண்டாயிடும். மூலைமுனையை 3 மில்லிக்கு மேல நறுக்கினா நடுவுல பெரிய ஓட்டை. விரிச்சதும் ரெண்டு துணிக்கு நடுவுல வெச்சு மிதமான சூட்டுல இஸ்திரி போட்டா மடிப்புத் தடம் போகும்.

ஓய்வுநாள் பள்ளி, காட்பாடி

ரொம்ப நன்றி. பின்ஹெட் ஜன்னலுக்குக் கலர்னு சொன்னீங்களே, பெரிய உருவமா, பிள்ளைங்களே வரையற மாதிரி ஏதாவது?

இடுக்குப்புள்ளி

கோலப் புள்ளியிலயே நட்சத்திரம் இருக்கு டீச்சர். மார்கழிதானே, பெண்பிள்ளைங்க பாதிப்பேருக்குக் கை பழகியிருக்கும்.

இடுக்குப்புள்ளி 7, நிறுத்தம் 4. அதாவது 4, 5, 6, 7, 6, 5, 4, மொத்தம் 37 புள்ளி. கறுப்பு சார்ட் பேப்பரோட பின்பக்கம் வெள்ளைப் பென்சில்ல வையுங்க. புள்ளிக்குப் புள்ளி 2.5 செ.மீ.; வரிசைக்கு வரிசை 2.2 செ.மீ. தான். அங்கயும் 2.5 வெச்சா நட்சத்திரம் நீண்டுக்கும். வாசல்ல கண்ணளவுல போடறப்ப நாமளே அறியாம நெருக்கித்தான் போடறோம், பேப்பர்ல ஸ்கேல் வெச்சா இந்தத் தப்பு வந்துடும்.

வெளி மூலை ஆறு இருக்கும். ஒண்ணு விட்டு ஒண்ணு சேருங்க. ஒரு முக்கோணம். விட்டுப்போன மூணையும் சேருங்க. தலைகீழ் முக்கோணம். ஒவ்வொரு கோடும் நடுவுல ரெண்டு புள்ளியைச் சரியா தொட்டுக்கிட்டுப் போகணும். தொடலேன்னா புள்ளி வெச்சதுல பிசகு. முனைக்கு முனை 15 செ.மீ. நட்சத்திரம், ஆறு சின்ன முக்கோணம், நடுவுல ஒரு அறுகோணம். பேப்பரை 90 பாகை திருப்பினா ஒரு முனை மேல பாத்து நிக்கும்.

உள்கோட்டுக்கு ரெண்டு பக்கமும் 3 மில்லி விட்டு முக்கோணத்தையும் அறுகோணத்தையும் கட்டரால எடுக்கணும். இதை 10 வயசுக்கு மேல, பெரியவங்க பக்கத்துல உக்காந்து. அடியில பழைய அட்டை. மூலையில இருந்து நடுவை நோக்கி வெட்டினா மூலை கிழியாது. பின்னாடி ஜெலட்டின் பேப்பர், முக்கோணத்துக்கு ஒரு நிறம், நடுவுக்கு ஒரு நிறம். துண்டு ஒவ்வொண்ணும் ஓட்டையை விட சுத்தி 5 மில்லி பெருசா இருக்கணும்.

பெருசா வேணும்னா புள்ளி இடைவெளி 5, வரிசை 4.3 செ.மீ.; நட்சத்திரம் 30 செ.மீ. பின்ஹெட் கண்ணாடிக்கு இதுதான் பொருத்தம். வட்ட ஓட்டை வேணும்னா ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் வேலைக்கு வெச்சிருக்கற பஞ்ச் சார்ட் பேப்பரை அழகா துளைக்கும். சுத்தியல் பெரியவங்க கையில.

கணக்கு டீச்சர் யாராவது படிச்சா ஒரு தகவல்: ஜெர்மனியில நீஸ்கி ஊர்ல மொராவிய கிறிஸ்தவ சபை நடத்தின பள்ளியில 19-ஆம் நூற்றாண்டு முதல் பாதியில வடிவியல் பாடத்துக்காகத்தான் காகித நட்சத்திரம் செய்யத் தொடங்கினாங்க. இன்னைக்கு ஹெர்ன்ஹூட் நட்சத்திரம்னு உலகம் பூரா தொங்குது.

கோட்டை மதில்

வழுவழு ஜன்னல்ல அடிப்பகுதி காலியா விடாதீங்க. கறுப்பு சார்ட்ல 12 செ.மீ. உயரப் பட்டை ஒண்ணு, ஜன்னல் அகலத்துக்கு. மேல்நாட்டுப் பனி வீடு எதுக்கு, நம்ம வேலூர்க் கோட்டை மதில் இருக்கே. மதில் பல்வரிசை, பின்னாடி மலைக்கோடு, ரெண்டு பனைமரம், ஓரத்துல மாட்டுக் கொட்டகை, நடந்து வர்ற மூணு ராஜாக்கள். மதிலுக்குக் கீழ 2 செ.மீ. அகலத்துல நீள ஓட்டை வெட்டி நீல ஜெலட்டின் ஒட்டினா அகழித் தண்ணி. கோட்டைக்குள்ளயே 1846-ல கட்டின செயின்ட் ஜான்ஸ் சர்ச் இருக்கு, அதனால பிள்ளைங்களுக்கு இது அந்நியமா படாது.

பனை ஓலையை விரல் விரலா வெட்டாதீங்க, 4 மில்லிக்குக் குறைஞ்ச கறுப்புப் பட்டை ஈரக்காத்துல சுருண்டு கண்ணாடியை விட்டு எழும்பும். பட்டையைப் பிள்ளைக்கு ஒரு துண்டா, 25 செ.மீ. நீளத்துல பிரிச்சுக் கொடுங்க. மலைக்கோடு துண்டு ஓரத்துல எல்லாருக்கும் 6 செ.மீ. உயரத்துல முடியணும்னு முதல்லயே குறிச்சிட்டா சேக்கறப்ப படிக்கட்டு மாதிரி ஏறி இறங்காது.

பாகாயம் அம்மா

5, 6 வயசுக்காரங்களை மறந்துட்டீங்க எல்லாரும். அவங்களுக்கு மடிப்பும் கிடையாது, வெட்டும் கிடையாது. கிழிக்கறதுதான். பட்டத் தாளைக் கட்டைவிரல் அகலத்துக்குக் கிழிச்சுக் குவிச்சு, பட்டர் பேப்பர் மேல ஒட்டவிட்டு, மேல கறுப்பு சார்ட்ல மணி, மெழுகுவத்தி, மீன்னு வெட்டின சட்டத்தை நீங்க வையுங்க. கண்ணாடி ஓவியம் மாதிரியே இருக்கும்.

ஜன்னல் பெயின்ட்டும் அவங்களுக்குத்தான். போஸ்டர் கலர் ரெண்டு ஸ்பூன், பாத்திரம் தேய்க்கிற லிக்விட் ஒரு ஸ்பூன். தோசை மாவு பதம். தண்ணி ஊத்தவே கூடாது, வழியும். லிக்விட் சேக்கறதாலதான் பின்னாடி ஈரத்துணியில வந்துடுது. முதல் பூச்சு காஞ்சு ரெண்டாவது பூச்சு. வழுவழு கண்ணாடியில மட்டும், ஜன்னல் சட்டத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு.

உள்ள இருந்து எழுதினா வெளிய தலைமாறித் தெரியும். "கிறிஸ்து பிறந்தார்" எழுதணும்னா பட்டர் பேப்பர்ல கெட்டியா எழுதி, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாத்து அப்படியே வரையணும். கி, றி ரெண்டுலயும் சுழி எந்தப் பக்கம் போகுதுன்னு வெளிய ஒருத்தர் நின்னு சரிபாத்துச் சொல்லட்டும்.

மைதா பசையும் சோத்துப் பசையும் வேண்டவே வேண்டாம். மழைக்காலம். ஒரு வாரத்துல பூஞ்சை, கூடவே கரப்பான்.

பட்டத்தாள்

வெள்ளைப் பசையில உருவம் வரைஞ்சு காயவெச்சு உரிச்சு ஒட்டறதையும் சேக்கலாமே? 7, 8 வயசுக்கு ரொம்பப் பிடிக்கும்.

பாகாயம் அம்மா

சேக்கலாம், ஆனா முதல் சனிக்கிழமையே ஊத்திடணும். கோடு 5 மில்லிக்குக் குறையாம, 2 மில்லி தடிமனா, ஓஎச்பி ஷீட் (கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள்) மேல. கோடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு தொட்டுக்கிட்டு இருக்கணும். இந்த ஈரத்துல 2, 3 நாள் ஆகும். நடுவுல வெள்ளை தெரிஞ்சா இன்னும் காயலைன்னு அர்த்தம். அவசரப்பட்டு உரிச்சா நீண்டு அறுந்துடும். அடைமழை வந்தா ஒட்டினப்புறமும் பால் மாதிரி வெளுத்து இளகும். அதனால அதை மட்டுமே நம்பி ஒரு ஜன்னலை விட்டுடாதீங்க. எப்சம் உப்பைக் கரைச்சுப் பூசி உறைபனி மாதிரி படிகம் வர வைக்கறதையும் இணையத்துல பாத்திருப்பீங்க. படிகம் அழகாத்தான் வரும், ஆனா உப்புத் தண்ணி வழிஞ்சா கம்பி துருப்பிடிக்கும். ஒரு பழைய கண்ணாடித் தட்டுல செஞ்சு காட்டுங்க, போதும்.

சீரியல் செட்

விளக்கு பத்தி யாரும் பேசலையே. பிள்ளைங்க கை படற இடம், இரும்புக் கம்பி. 230 வோல்ட் சீரியல் செட்டைக் கம்பியில சுத்தாதீங்க. ஒயர் உறை கம்பி முனையில உரசி உரிஞ்சா மொத்தக் கிரில்லுக்கும் கரண்ட் பாயும். ஈரச்சுவர் வேற. யுஎஸ்பி 5 வோல்ட் சரம், இல்ல மூணு பேட்டரி போட்ட 4.5 வோல்ட் சரம் மட்டும். மெழுகுவத்தி, அகல் எதுவும் காகிதத்துக்குப் பின்னாடி கூடாது.

உண்மையில சரமே தேவையில்லை. சரத்தைத் தாளோட ஒட்டி வெச்சா புள்ளி புள்ளியா தெரியும், தாளோட நிறம் தெரியாது. அறைக்குள்ள எதிர் சுவத்துல ஒரு 9 வாட் எல்இடி பல்பு எரிஞ்சாலே ஜன்னல் பூரா ஒரே சீரா ஒளிரும். மஞ்சள், சிவப்பு நிறைய இருக்கற ஜன்னலுக்கு மஞ்சள் ஒளி பல்பு. நீலம் இருந்தா வெள்ளை ஒளி. சரம்தான் வேணும்னா தாளுக்கு ஒரு சாண் பின்னாடி, நடுவுல பட்டர் பேப்பர் ஒரு அடுக்கு.

ஓய்வுநாள் பள்ளி, காட்பாடி

இப்படிப் பிரிச்சிருக்கேன், தப்பு இருந்தா சொல்லுங்க. முதல் சனி: பெரிய பிள்ளைங்க 5 பேர் கோல நட்சத்திரம், நடு வயசு 5 பேர் பசை உருவம் ஊத்திட்டு மடிப்பு நட்சத்திரம், சின்னவங்க 4 பேர் கிழிச்சு ஒட்டறது. ரெண்டாவது சனி: பனிப்பூ, கோட்டைப் பட்டை, கடைசி அரை மணி ஒட்டறது. பின்ஹெட் ஜன்னல் ஒண்ணுல சொரசொரப்பு உள்பக்கம்தான் இருக்கு. அதுக்கு என்ன பண்றது?

கண்ணாடிப் பட்டறை

ஒட்டறதுக்கு அரை மணி பத்தாது, முக்கால் மணி வைங்க. பனிப்பூவை ஆளுக்கு ஒண்ணா குறைச்சுக்கலாம்.

சொரசொரப்பு முகத்துக்கு டேப் வேண்டாம். ரெண்டு ஈர்க்குச்சியை ஜன்னல் அகலத்துக்கு நறுக்கி, மேல ஒண்ணு கீழ ஒண்ணு, நடுவுல நூல் கட்டி அதுல நட்சத்திரங்களைக் கோத்துடுங்க. குச்சியோட ரெண்டு முனையையும் மரச்சட்டத்துல மாஸ்கிங் டேப் போட்டு இறுக்கினா தாள் கண்ணாடியைத் தொட்டுக்கிட்டே நிக்கும், கண்ணாடியில எதுவும் ஒட்டலை. கதவைத் திறந்தாலும் கூடவே போகும். நூல் தொய்வா இருந்தா காத்துல திரும்பிக்கும். கீழ்க்குச்சி அதுக்காகத்தான்.

வழுவழு கண்ணாடிக்கு செல்லோ டேப்பைச் சின்னத் துண்டா சுருட்டித் தாளுக்குப் பின்னாடி வைங்க. தெருப் பக்கம் தெரியறதால கறுப்புச் சார்ட் பின்னாடி மட்டும், ஜெலட்டின் மேல கூடாது.

ஓய்வுநாள் பள்ளி, காட்பாடி

ஈர்க்குச்சி நல்ல யோசனை, அப்படியே செய்யறோம். எடுக்கறப்ப?

பாகாயம் அம்மா

ஜனவரி 6, மூணு ராஜாக்கள் நாள் முடிஞ்சதும் எடுங்க. போகிக்கு வீடு கழுவறதுக்கு முன்னாடி முடிஞ்சுடும். டேப்பை வேகமா பிய்க்காம கண்ணாடியோட படிய மடக்கி மெதுவா இழுங்க. பிசின் தங்கினா தேங்காயெண்ணெய் தடவிப் பத்து நிமிஷம் கழிச்சுத் துணியால தேய்ங்க, அப்புறம் லிக்விட் போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுங்க. பிளேடு வேண்டாம், கீறல் விழும். பெயின்ட்டை முதல்ல ஈரத்துணி போட்டு ஊற விடுங்க. காஞ்சபடியே சுரண்டினா தூள் பறந்து ஜன்னல் தடத்துல போய் அடையும்.

கோல நட்சத்திரங்களை ரெண்டு சார்ட்டுக்கு நடுவுல படுக்க வெச்சு, ஓரத்துல நாலு கற்பூர உருண்டை போட்டா அடுத்த வருஷத்துக்கும் ஆகும். ஜெலட்டினைப் போகி நெருப்புல போடாதீங்க, அது பிளாஸ்டிக் புகை. பட்டத் தாள் எப்படியும் வெளுத்திருக்கும், அதைக் குப்பைக்கு அனுப்பிடலாம்.